மாலுமிகள் போன பின் வல்லெட்டா

வல்லெட்டாவின் பெரிய தெருக்களுக்கு நடுவே, இடுக்கில் செருகியதுபோல் ஒரு சந்து ஓடுகிறது. நகரின் முதன்மைத் தெருவுக்கு இணையாக மேட்டில் தொடங்கிக் கடல்முனையை நோக்கி இறங்கும். நீளம் அரை கிலோமீட்டருக்கு மேல். அகலம் நாலு மீட்டர் இருந்தால் அதிகம். இருபுறமும் மூன்று, நாலு மாடி வீடுகள். தரையில் வெயில் விழுவது உச்சிப்பொழுதில் மட்டும்தான். இத்தாலிய வழக்கில் ஸ்ட்ராடா ஸ்ட்ரெட்டா, ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயிட் ஸ்ட்ரீட். பிரித்தானிய மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் ‘தி கட்’. கப்பலில் அந்தப் பெயரை யாராவது உச்சரித்தால் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

மால்டாவின் தலைநகர் வல்லெட்டா. 1565இல் ஒட்டோமான் படையின் முற்றுகையைத் தாங்கிய கையோடு, மறு ஆண்டு மார்ச்சில் புனித யோவான் சபையின் வீரத்துறவிகள் அடிக்கல் நாட்டிய கோட்டை நகரம். ஐரோப்பிய ஒன்றியத் தலைநகர்களில் மிகச் சிறியது. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நகரவாயிலில் கிளம்பினால் மறுமுனைக் கோட்டைக்கு இருபது நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். பார்க்க, வாங்க, இரவில் குடித்து ஆட என்று அந்நியர்கள் வந்துகொண்டே இருக்கும் ஊர் இது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். வந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஆர்வம் அவர்கள் தலைக்கு மேலே, மரப்பலகை அடைத்த அந்தப் பால்கனிகளுக்குப் பின்னால் யார் இருந்தார்கள், இப்போது யார் இருக்கிறார்கள் என்பதில்தான்.

சந்துக்கு வருவோம். அதன் முதல் கெட்ட பெயர் வாளால் வந்தது. 1770இல் மால்டா வந்த ஸ்காட்லாந்துப் பயணி பாட்ரிக் பிரைடோன் எழுதிவைத்திருக்கிறார்: நகரில் வேறெங்கு இருவர் வாட்சண்டை போட்டாலும் சட்டம் கடுமையாகப் பாயும், இந்த ஒரு தெருவில் மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்களாம். ஒரு பெண்ணோ பாதிரியாரோ இன்னொரு வீரரோ நிறுத்தச் சொன்னால் அந்தக் கணமே வாளை உறையில் போட்டாக வேண்டும். வீரர் யாராவது செத்து விழுந்தால், விழுந்த இடத்துக்கு எதிர்ச்சுவரில் சிலுவை வரைவார்கள். இருபதளவு சிலுவைகளைப் பார்த்ததாக அவர் குறிப்பு. பிரமச்சரிய நோன்பு பூண்ட துறவிகள், கையில் ஆயுதம், செய்வதற்குப் போரும் இல்லை. வேறென்ன நடக்கும்?

1800இல் தீவு பிரித்தானியர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வல்லெட்டாவின் இரவைத் தீர்மானித்தது கப்பல் அட்டவணைதான். பெருந்துறைமுகத்தில் மத்தியதரைக் கடற்படை நங்கூரம் இறக்கினால், மாதக்கணக்கில் சம்பளம் சேர்ந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கரையேறுவார்கள். டைசா என்னும் வண்ணப் படகுகள் அவர்களைச் சுங்கத்துறைப் படித்துறையில் இறக்கிவிடும். அங்கிருந்து மேட்டு நகருக்கு ஏறுவது மூச்சு வாங்கும் வேலை. 1905இல் மேல் பராக்கா தோட்டத்துக்கு மின்தூக்கி வைத்த பிறகு அந்தச் சிரமமும் போயிற்று. வந்தவர்கள் நேராக நடந்தது சந்துக்கு.

அங்கே வரிசையாக மதுக்கடைகள், இசைக்கூடங்கள், படுக்கைக்கு வாடகை வாங்கும் விடுதிகள். ‘ஸ்பிளெண்டிட்’, ‘எகிப்தியன் குவீன்’ என்று சுவரில் சாயத்தில் எழுதிய பெயர்கள். இரவு முடியும்போது தெருமுனையில் கடற்படைக் காவலர்கள் நின்று, நடக்க முடியாதவர்களைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்டால், மால்டா மிகக் கடுமையான கத்தோலிக்கத் தீவு. சந்தின் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தச் சந்தில் புரண்ட பவுனும் ஷில்லிங்கும் எத்தனை அடுப்பை எரிய வைத்தன என்பது எல்லோருக்கும் தெரியும்.

மதுக்கடைப் பெண்களின் கணக்கு தனி. மாலுமி தனக்கொன்றும் அவளுக்கொன்றும் வாங்க வேண்டும். அவளுக்கென்று வரும் கோப்பையின் விலையில் ஒரு பங்கு அவளுக்கு. அதனால் குடிக்காமலே குடிப்பது அவள் தொழில்திறன். இவர்களில் பலர் நகரின் ஏழைக்குடியிருப்பான மண்ட்ராஜ் போன்ற இடங்களிலிருந்து வந்தவர்கள். வீரத்துறவிகள் காலத்தில் படகுத்துறைக்காகத் தோண்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட பள்ளம் அது. அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அறைகளைக் கட்டிக் குடியேறினார்கள். சாக்கடையும் நோயும் மலிந்த அந்தக் குடியிருப்பை இரண்டாம் உலகப்போருக்குப் பின்தான் இடித்து மாடிவீடுகள் கட்டினார்கள். கணவன் கப்பல்பட்டறையில், மனைவி சந்தில், பாட்டி மேல்மாடியில் குழந்தைகளோடு. சந்தின் பொருளாதாரம் இதுதான்.

இன்னொரு விளைச்சலும் உண்டு: இசை. மால்டாவின் ஒவ்வொரு ஊரிலும் தேவாலயத் திருவிழாவுக்கு வாசிக்கப் பித்தளைவாத்தியக் குழு ஒன்று இருக்கும். வல்லெட்டாவிலேயே இரண்டு பெரிய குழுக்கள், இரண்டுக்கும் ஆகாது. அங்கே கிளாரினெட்டும் டிரம்பெட்டும் கற்ற பையன்கள், ஞாயிறு காலை ஊர்வலத்தில் வாசித்துவிட்டு, இரவில் சந்தில் மாலுமிகளுக்கு ஜாஸ் வாசித்தார்கள். தீவின் ஜாஸ் பாரம்பரியம் இந்தக் கள்ளுக்கடை மேடைகளில்தான் வளர்ந்தது. பெண் வேடமிட்ட ஆண் கலைஞர்களும் அங்கே மேடையேறினார்கள். வெளியே ஊர் அவர்களை என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்தால், அந்த நாலு மீட்டர் அகலத்துக்குள் எவ்வளவு இடம் இருந்தது என்று வியப்பாக இருக்கிறது.

1964இல் சுதந்திரம், 1974இல் குடியரசு. 1979 மார்ச் 31 அன்று கடைசிப் பிரித்தானியப் படையும் வெளியேறியது. மால்டா அதை விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. சந்துக்கு அது கடையடைப்பு நாள். படை குறையக் குறைய முன்பே வாடியிருந்த தொழில் அத்தோடு படுத்துவிட்டது. கதவுகள் துருப்பிடித்தன, பெயர்ப்பலகைகள் வெளிறின. சந்தில் வேலை பார்த்த பெண்கள் அதைப் பற்றிப் பேசாமலே வயதானார்கள். பின்னாளில் தொல்லியலாளர் ஜான் ஸ்கோஃபீல்டும் எமிலி மோரிசியும் அவர்களில் சிலரைத் தேடிப் பேசவைத்து, 2013இல் நூலாகக் கொண்டுவந்தார்கள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய மதுக்கடையைத் தொல்லியலாளர் ஆராய்வது முதலில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. வெட்கத்தால் மூடிவைத்ததைத் தோண்டுவதும் அகழாய்வுதானே.

அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வல்லெட்டாவுக்கு இரவே கிடையாது. அலுவலகம், வங்கி, நீதிமன்றம், கடை எல்லாம் பகலில். மாலை ஏழு மணிக்கு இரும்புக் கதவுகள் இறங்கும். நகரவாயிலுக்கு வெளியே டிரைட்டன் நீரூற்றைச் சுற்றி நிற்கும் மஞ்சள் பேருந்துகளில் எல்லோரும் ஏறிப் போய்விடுவார்கள். கூத்துக்குப் போக வேண்டிய இளைஞர்கள் செயின்ட் ஜூலியன்ஸ் பக்கம் பாச்சேவில்லுக்குப் போனார்கள். தலைநகரில் அப்போது மதுக்கடைக்கதை என்று சொல்ல ஒன்றுதான் மிஞ்சுகிறது: 1999 மே 2 அன்று, ‘கிளாடியேட்டர்’ படப்பிடிப்புக்கு வந்திருந்த நடிகர் ஆலிவர் ரீட் ‘தி பப்’ என்ற சின்ன மதுக்கடையில் குடித்துக்கொண்டிருக்கும்போது மாரடைப்பால் இறந்தார். அன்றைக்கு அவரோடு சேர்ந்து குடித்ததும் கைமடக்கிப் பலம் பார்த்ததும் ஊருக்கு வந்திருந்த பிரித்தானியக் கடற்படை மாலுமிகள்தான். இருபது ஆண்டு கழித்தும் பழைய வாடிக்கையாளர்களே!

இன்று சந்து மறுபடி கூட்டமாக இருக்கிறது. 2006இல் தொடங்கிய ‘நோட்டே பியாங்கா’, அதாவது அரண்மனையும் அருங்காட்சியகமும் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் இரவுவிழா, தலைநகருக்கு இரவில் வரலாம் என்பதை மால்டாக்காரர்களுக்கே நினைவூட்டியது. பிறகு 2018இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற பட்டம். அதற்கு முந்தைய ஆறேழு ஆண்டுகளில் சந்தில் மதுக்கூடங்களும் உணவகங்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒயின், ஜின், சிறுதட்டுகளில் தின்பண்டம், ஒரு மூலையில் ஜாஸ். கல்படிகளில் மெத்தை போட்டு உட்கார வைக்கிறார்கள். வெளிறிப்போன பழைய பெயர்ப்பலகைகளைக் கழற்றாமல் பாதுகாக்கிறார்கள். அன்றைக்கு எந்தப் பெயரைச் சொல்லக் கூசினார்களோ அதுவே இன்றைக்கு விளம்பரம். சிவப்பு விளக்கு இப்போது அலங்காரம்.

இதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. பழைய சந்து நாற்றமும் அடிதடியும் வறுமையும் நிறைந்தது. அதை இனிய நினைவாக்கி விற்பவர்கள் அந்தப் பெண்களின் கூலிக்கணக்கை விற்பதில்லை. என்றாலும், இடிந்து கிடந்ததைவிட இது மேல் என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன்.

மறுப்பவர்கள் மாடியில் இருக்கிறார்கள். 2022 கோடையில் வல்லெட்டாவின் குறிப்பிட்ட சில தெருக்களில் திறந்தவெளி இசைக்கான நேரத்தை இரவு பதினொன்றிலிருந்து ஒரு மணிக்கு அரசு நீட்டித்தது. குடியிருப்பாளர்கள் கொதித்தார்கள். கல்சுவருக்கு நடுவே நாலு மீட்டரில் ஒலிபெருக்கி வைத்தால் சத்தம் போவதற்கு வழி மேலேதான். ‘அந்தக் காலத்திலும் இங்கே இசை இருந்ததே’ என்று கடைக்காரர்கள் வாதாடலாம். அந்தக் காலத்தில் கீழே வாசித்தவன் மேலே குடியிருந்தான், அல்லது அவன் தம்பி குடியிருந்தான். சத்தத்தில் வீட்டுக்குப் பங்கு வந்தது. இப்போது வருவது சத்தம் மட்டும்.

ஊர்பார்க்க வருபவர்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். கற்கள் அதே கற்கள்தான். புனித யோவான் இணைப்பேராலயம் வெளியே கோட்டைச்சுவர்போல் வெறுமையாகவும் உள்ளே கண்கூசும் பொன்னாகவும் இருக்கும். தரை முழுக்க வீரத்துறவிகளின் பளிங்குக் கல்லறைகள், நானூறளவில். ஒட்டியுள்ள சிற்றாலயத்தில் கரவாஜியோ 1608இல் தீட்டிய ‘திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு’. அவர் வரைந்தவற்றில் மிகப் பெரியது, கையெழுத்திட்ட ஒரே ஓவியம், அதுவும் வெட்டுண்ட கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில். இங்கேயே இருந்த அவரது இன்னொரு ஓவியமான ‘எழுதும் ஜெரோம்’ 1984 இறுதியில் சட்டகத்திலிருந்து அறுத்துத் திருடப்பட்டது. அருங்காட்சியக இயக்குநராக இருந்த பாதிரியார் மாரியஸ் செராஃபா திருடர்களோடு பொறுமையாகப் பேச்சு வளர்த்து அதை மீட்டார். பட்டப்பகலில் கரவாஜியோவை உருவிக்கொண்டு போக முடிந்த காலம் அது. இன்று நுழைவுச்சீட்டு, காதில் ஒலிவழிகாட்டி, நகரும் வரிசை. ஊசிக்குதிகால் செருப்போடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள், கல்லறைப் பளிங்கு சேதமாகும் என்று.

பெரிய மாற்றம் நகரவாயிலில். 1942 ஏப்ரல் 7 அன்று ஜெர்மானியக் குண்டு விழுந்து நாசமான ராயல் ஓபரா அரங்கம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அடித்தளமும் தூண்களுமாக நின்றது. உள்ளே கார்களை நிறுத்தினார்கள். கட்டலாமா, எதைக் கட்டலாம் என்று ஒவ்வோர் அரசும் வாக்குவாதம் செய்தது. கடைசியில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ இடிபாட்டை அப்படியே வைத்துக் கூரையில்லாத அரங்கமாக்கினார், 2013இல் திறந்தது. பக்கத்தில் துளைத்துளையாகக் கல் பதித்த புதிய நாடாளுமன்றம். மக்கள் அதற்கு வைத்த பெயர் சீஸ் துருவி. கூரை வைத்துப் பழையபடி ஓபரா வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இன்றும் ஆறவில்லை. மழைக்காலத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நீரூற்றைச் சுற்றி நின்ற பேருந்துக் கூட்டம் ஒதுக்கப்பட்டு, 2018இல் அந்த இடம் நடப்பவர்களுக்கான சதுக்கமானது. உரிமையாளர்கள் தங்கள் விருப்பப்படி நிக்கல் பளபளப்பும் சாமிப்படமும் வைத்து அலங்கரித்த மஞ்சள் பேருந்துகள் 2011 ஜூலையிலேயே போய்விட்டன. அவற்றின் சின்னப் பொம்மைகள் நினைவுப்பொருள் கடையில் கிடைக்கும்.

கடைகளைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. முதன்மைத் தெரு வீரத்துறவிகள் காலத்தில் புனித ஜார்ஜ் தெரு, பிரித்தானியர் காலத்தில் ஸ்ட்ராடா ரியாலே, பிறகு கிங்ஸ்வே, இன்று குடியரசுத் தெரு. மாலையில் குளித்து உடுத்தி அந்தத் தெருவில் மேலும் கீழும் நடப்பது ஒரு சடங்கு. வாங்கினால்தான் என்பதில்லை, பார்க்கவும் பார்க்கப்படவும் போவார்கள். பின்னாளைய மணப்பெண்ணையோ மாப்பிள்ளையையோ அங்கே முதன்முதல் பார்த்தவர்கள் ஏராளம். 1944இல் இங்கே குடிவந்த கஃபே கார்டினாவின் மேசைகள் விக்டோரியா ராணியின் சிலையைச் சுற்றி இன்றும் இருக்கின்றன. மேசைகளில் உள்ளூர்க்காரர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்தத் தெருவில் இந்தியக் கடைகளும் இருந்தன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிந்து மாகாணத்து ஹைதராபாத்திலிருந்து வணிகர்கள் வந்தார்கள். சூயஸ் வழியாகப் போய்வரும் கப்பல் பயணிகளுக்கு ஜப்பானியப் பட்டும் கீழைநாட்டுக் கலைப்பொருளும் மால்டாவின் சொந்தச் சரிகைப்பின்னலும் விற்றார்கள். ஜிப்ரால்டர் முதல் சிங்கப்பூர் வரை நீண்ட அவர்களது கிளைச்சங்கிலியில் வல்லெட்டா ஒரு கண்ணி. கப்பல் பயணம் குறைந்தபின் துணிவணிகத்துக்கு மாறி, மால்டாக்காரர்களுக்கே விற்றார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று மால்டியமொழி பேசும் தீவுக்காரர்கள்.

1970களிலும் 80களின் நடுப்பகுதி வரையிலும் கடைக்குப் போவது வேறு அனுபவம். உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் பிரதமர் டொம் மின்டாஃபின் அரசு இறக்குமதியை இறுக்கியது. வெளிநாட்டுச் சாக்லேட் கிடையாது; உள்ளூர்த் தயாரிப்பான ‘டெசர்டா’தான். அதன் சுவையை அந்தத் தலைமுறையிடம் கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். படகேறிச் சிசிலிக்குப் போனவர்கள் பையில் சாக்லேட்டையும் பற்பசையையும் ஒளித்துக்கொண்டு திரும்பினார்கள். 2004இல் ஐரோப்பிய ஒன்றியம், 2008இல் யூரோ. இன்று குடியரசுத் தெருவின் கண்ணாடிகளில் இருப்பவை மிலானிலும் மாட்ரிடிலும் இருக்கும் அதே பெயர்கள். தட்டுப்பாடு தீர்ந்தது நல்லதுதான். ஆனால் வல்லெட்டாவுக்கு வந்துதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் அதோடு தீர்ந்தது. பக்கத்து ஊரான ஸ்லீமாவில் அங்காடி வளாகம் இருக்கிறது, கைபேசி இருக்கிறது.

வணிகர் தெருவில் காலைதோறும் கூடிய ‘மொன்டி’ என்னும் தெருச்சந்தை, உள்ளாடை முதல் வடிசட்டி வரை விற்றது. 2016இல் நாடாளுமன்றத்துக்குப் பக்கத் தெருவுக்கு நகர்த்தப்பட்டது. பியானோவின் கட்டடத்தருகே துணிக்கடையா என்று அதற்கு முன்பே பெரிய சண்டை நடந்தது. மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்க 1861இல் இரும்புச்சட்டத்தில் கட்டிமுடித்த மூடுசந்தை பாழடைந்து கிடந்து, 2018 தொடக்கத்தில் உணவுக்கூடமாகத் திறந்தது. அழகாகத்தான் புதுப்பித்திருக்கிறார்கள். ஒரு கிலோ மீன் வாங்கிப்போய்க் குழம்பு வைக்கும் ஆள் அந்தப் பக்கம் குறைந்துவிட்டால், மீன்கடைக்கு என்ன வேலை?

கேள்வி மறுபடி மாடிக்கே போகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஒரு துண்டு நிலத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2021 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துச் சொச்சம். போரில் வீடிழந்தவர்களும், மண்ட்ராஜ் போன்ற குடியிருப்புகளை இடித்தபோது கிளம்பியவர்களும், குளியலறையும் கார் நிறுத்தவும் வேண்டும் என்று புறநகர் போனவர்களும் திரும்பவில்லை. காலியான வீடுகள் ‘பூட்டிக்’ தங்குவிடுதிகளாயின, நாள்வாடகை அறைகளாயின. 2024இல் மால்டாவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ஒரு பகலாவது வல்லெட்டாவில் நடக்காமல் போவதில்லை. சந்தில் தட்டு எடுக்கும், பாத்திரம் கழுவும் கைகளும் மாறிவிட்டன. தீவில் வசிப்போரில் ஐவரில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர் என்றது அதே கணக்கெடுப்பு. இந்தியர்கள் அவர்களில் மூன்றாவது பெரிய கூட்டம். வேலை முடிந்து அவர்கள் வேறு ஊர்களில் பகிர்ந்து எடுத்த அறைகளுக்குப் பேருந்தில் போகிறார்கள். வல்லெட்டாவின் வாடகை அவர்களுக்குக் கட்டாது.

பிப்ரவரி 10 அன்று, புனித பவுல் கப்பலுடைந்து கரையேறிய திருநாளில் மட்டும் கணக்கு மாறும். புறநகர்களில் சிதறிய பழைய வல்லெட்டாக்காரர்கள், நகரில் ஒருநாளும் வசித்திராத தங்கள் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். பால்கனியிலிருந்து காகிதத்துண்டு மழையாகக் கொட்டும். எந்தப் பித்தளைக்குழு உசத்தி என்ற பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

கடைகளின் அடுத்த கட்டத்துக்கோ தேதியே குறித்தாகிவிட்டது. 1995 ஜூனுக்கு முன் பிடித்த கடைகளுக்கு மால்டாச் சட்டம் பழைய வாடகைப் பாதுகாப்பு தந்தது. வெள்ளி இழை நகை செய்பவர், தையல்காரர், தொப்பிக்கடை, தெருமுனைப் பெட்டிக்கடை என்று மரச்சட்ட முகப்போடு மிச்சமிருக்கும் கடைகளில் பல அதனால்தான் பிழைத்திருக்கின்றன. 2009இல் செய்த திருத்தத்தின்படி அந்தப் பாதுகாப்பு 2028 மே இறுதியோடு முடிகிறது. அதன் பிறகு உரிமையாளர் சந்தை வாடகை கேட்கலாம். சந்தை வாடகையைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் யார் என்பதை இன்றைக்கு வல்லெட்டாவில் ஒருமுறை நடந்தாலே யாரும் சொல்லிவிடுவார்கள்.